ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்த கோளாறு

போன வாரம் ஷீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். கம்ப்யூட்டர்களில் எல்லாம் புதிய சிஸ்டம் ஏற்றியிருக்கிறார்கள், ஏற்றிய நாளிலிருந்து ஸ்கேன் சாஃப்ட்வேரும் பில் போடுகிற சாஃப்ட்வேரும் ஒன்றை ஒன்று ஓடவிடாமல் செய்கின்றன, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டாள். அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னாள்: "புதுசா வந்திருக்க சாரு, பில்லு தப்பா வந்த நேரம் டியூட்டில யாருன்னு கேக்காரு அண்ணே. கவுண்டர்ல இருக்க பிள்ள அழுதுட்டு நிக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனில் நான் கத்தியதைக் கேட்டு அடுக்களையிலிருந்து என் மனைவி பிரஷர் மாத்திரையோடு ஓடி வந்தாள். நிர்வாக அதிகாரி மாறியிருக்கிறார், கம்ப்யூட்டர் மாறியிருக்கிறது, அந்தக் கேள்வி மட்டும் அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, "எட்வின் நமக்கெல்லாம் கம்ப்யூட்டர் டாக்டர்" என்று மேடையில் பேசினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அன்று அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மேற்கே மலைக்கும் கடலுக்கும் நடுவில், குலசேகரத்து ரப்பர்க்காரர்களும் கடப்புறத்து மீன்காரர்களும் வந்து போகிற ஓர் ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் போதும்.

நான் கடப்புறத்துக்காரன். அப்பாவுக்குக் கடல்தான் எல்லாம். எனக்கு வள்ளத்தில் ஏறினாலே வாந்தி. அதனால் நாகர்கோவிலில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், மஸ்கட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பல வருடம் வேலை பார்த்தேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் இரண்டாயிரத்து நான்கில் ஊருக்கு வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வேலைக்குப் பெயர் சிஸ்டம் அசிஸ்டன்ட். கீபோர்டில் சாயா கொட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைத்தான்.

நிர்வாக அதிகாரியை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கெட்ட மனிதர் இல்லை. இழுத்துப் பூட்டுகிற நிலையில் கிடந்த ஆஸ்பத்திரியை நிமிர்த்தி வைத்தவர் அவர்தான். குரலை உயர்த்த மாட்டார். யாராவது ஒரு பிரச்சினையோடு அறைக்குள் போனால் முதலில் கைக்குட்டையை எடுத்து மேசைக் கண்ணாடியைத் துடைப்பார். அதில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது, ஆனாலும் மூலை முடுக்கெல்லாம் துடைப்பார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பிறகு கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கேட்பார்: "டியூட்டில யாரு?" லிஃப்ட் நின்றுவிட்டது, டியூட்டியில் யார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, டியூட்டியில் யார். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை கோளாறு தீர்ந்தது. தொட்டி வழிந்துகொண்டுதான் இருக்கும்.

எங்கள் லேபில் இரண்டு மெஷின்கள். ஒன்று ரத்த அணுக்களை எண்ணுவது. உடம்பில் ரத்தம் குறைவா, போதுமா என்று சொல்வது அதுதான். மற்றது சர்க்கரை, உப்பு எல்லாம் பார்ப்பது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, ஆனால் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்திருந்தோம். வருகிறவருக்கு ஒரு நம்பர் போட்டு, அவருடைய ரத்தக் குழாயை மெஷினில் வைத்துப் பொத்தானை அமுக்கினால், மெஷின் முடிவை அனுப்பும், கம்ப்யூட்டர் அதை அந்த நம்பரில் எழுதிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி இருந்த காலம் முழுக்க இது சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது.

எக்ஸ்பிக்கு இனி ஆதரவு கிடையாது என்று அறிவித்ததும் எல்லாவற்றையும் விண்டோஸ் செவனுக்கு மாற்றச் சொன்னார் சார். மாற்றியது சரிதான். மாற்றிய விதம்தான் அக்கிரமம். லேபுக்கு இரண்டு கம்ப்யூட்டர் கேட்டேன். இல்லையென்றால் ஒரு மெஷினை முதலில் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடலாம் என்றேன். "ஒண்ணு வச்சுத்தானே எட்வின் இத்தன வருஷம் ஓடிச்சு" என்றார். ஏதோ ஆய்வுக் குழு வருகிறதாம், அதற்குள் எல்லாம் புதிதாக இருக்க வேண்டுமாம். சென்னைக் கம்பெனியின் ஆள் வந்து, அணு எண்ணுகிற மெஷினுக்கான சாஃப்ட்வேரை ஏற்றி, அந்த மெஷினை மட்டும் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து ஹரி வந்து, சர்க்கரை மெஷினுக்கான சாஃப்ட்வேரை ஏற்றி, அந்த மெஷினை மட்டும் ஓட்டிப் பார்த்து, அவரும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேறு யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னேன். ஆய்வுக் குழு வாசலில் வந்து இறங்கியது, என் பேச்சு அதோடு போயிற்று.

இனி பகவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேபில் மூன்று பெண்கள். ஸ்டெல்லாவும் இன்னொருத்தியும் கிறிஸ்தவர்கள், பகவதி மட்டும் இந்து. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டெல்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை மாற்றிக் கேட்டாள். பகவதி, "இனி ஞாயிறு ஒக்க நான் நின்னுகிடுதேன்க்கா, நீங்க பூசைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் அவள் நிற்பாள். பதிலுக்குத் தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் ஸ்டெல்லா நிற்பாள். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகவதி நாகராஜா கோவிலுக்குப் பால் ஊற்றப் போவாள், அன்றைக்கு மட்டும் ஸ்டெல்லா விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு லேபுக்கு வந்துவிடுவாள். யாரும் உத்தரவு போடவில்லை. இவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்றால் சும்மா இல்லை. கடப்புறத்தில் அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். வலையைத் தொட மாட்டார்கள். வாரம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலை இழுத்தவன் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவான். பூசை முடிந்ததும் வேன் பிடித்து, ஒரு தெருவே மொத்தமாக வந்து இறங்கும். எல்லோருக்கும் மதியச் சோற்றுக்கு வீடு திரும்ப வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு லேபில் நிற்பது ஒரே ஒருத்தி.

ஒரு திங்கட்கிழமை, ஆழ்கடலில் வள்ளத்துக்குள்ளேயே ததேயு மயங்கி விழுந்தான். எங்கள் ஊர்க்காரன், வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன். கரைக்குக் கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை. முந்தின நாள்தான் அவன் எங்கள் லேபில் சோதித்திருக்கிறான். ரத்தம் நன்றாக இருக்கிறது, கடலுக்குப் போகலாம் என்று அனுப்பியிருக்கிறார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் ததேயுவுக்குப் பின்னால் நின்ற ஒருவரை ரத்தமே இல்லை என்று சொல்லிப் படுக்கையில் போட்டிருந்தார்கள். திரும்பச் சோதித்தால் அவர் கல்லு மாதிரி இருக்கிறார்.

ததேயுவின் மனைவி வராந்தாவில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்க மாப்பிள்ளைக்கு ரெத்தம் நல்லாட்டு இருக்குன்னு நீங்கதானே சொன்னிய! அவரு கடல்ல விழுந்திருந்தா நானும் எனக்க பிள்ளையளும் எங்கன போவோம்? சொல்லுங்க, எங்கன போவோம்?" ததேயு பிழைத்துவிட்டான். ஆனால் அவள் கேட்டதில் ஓர் எழுத்துக்கூட தப்பில்லை.

சார் கண்ணாடியைத் துடைத்தார். கைக்குட்டையை மடித்தார். "டியூட்டில யாரு?" என்றார். பகவதி. முன்பு வந்த இரண்டு சின்னப் புகார்களையும் எடுக்கச் சொன்னார். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. இரண்டிலும் பகவதி. வேறு யார் டியூட்டியிலும் ஒரு புகார் இல்லை. "ரெண்டு பேருக்க குழாயையும் மாத்தி வச்சிருக்கா. மெஷின் என்ன செய்யும்?" என்றார். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள். வருடக்கணக்காக மற்றவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை நின்றவள், ஞாயிற்றுக்கிழமை நின்றதாலேயே குற்றவாளி. இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடியை எடுத்துத் தரையில் போட்டிருப்பேன்.

மெஷினைத் தொடக் கூடாது, ரத்தம் எடுக்கிற அறையில் மட்டும் நிற்க வேண்டும் என்று அவளை மாற்றினார்கள். மாதக் கடைசியில் அனுப்பிவிடுவதாக முடிவு. அதைவிடக் கொடுமை, அனுபவச் சான்றிதழில் கவனக்குறைவானவர் என்று எழுதப் போவதாகச் சார் சொன்னதுதான். பகவதி குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீடு, கீழே இரண்டு தங்கைகள். சான்றிதழ் சுத்தமாக இருந்தால்தான் விசா.

என் அறைக்கு வந்து நின்றாள். அழவில்லை. "அண்ணே, நான் குழாய மாத்தி வைக்கல்ல. எனக்கக் கை எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தைய அவரு எழுதிட்டாருன்னா குவைத்து மட்டுமில்ல, இஞ்ச ஒரு பெட்டிக்கடை லேபுலகூட என்னைய எடுக்க மாட்டாவ."

"மாதக் கடைசிக்குள்ள பாத்துருவோம் மக்களே, நீ போ" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சிஸ்டம் மாற்றுவதற்கு முன்பும் இதே பகவதிதான், இதே ஞாயிற்றுக்கிழமைதான், இதே கூட்டம்தான். அப்போது ஒரு தப்பு வந்ததில்லை. மாறியது கம்ப்யூட்டர் ஒன்றுதான். இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சாருக்கு ஏன் விளங்கவில்லை என்றால், கம்ப்யூட்டர் மாற்ற உத்தரவு போட்டது அவர். அந்த டியூட்டியில் அவர் இருந்தார்.

சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று மோதினால் முதலில் எதையும் தொடக் கூடாது. இருக்கிற நிலைமையை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றை அழித்துவிட்டு, மறுபடி ஏற்றிவிட்டு, "இப்ப ஓடுது" என்று போகிறவர்கள்தான் நாட்டில் அதிகம். அழித்துவிட்டால் என்ன நடந்தது என்று யாருக்கும் கடைசிவரை தெரியாது. நான் நகல் எடுத்தேன். அதை என் அறையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். பிறகு எது எப்போது ஏறியது, எந்தப் பதிப்பு என்று வரிசைப்படி பார்த்தேன். பிறகு இரண்டு கம்பெனிகள் கொடுத்த சிடிகளையும் எடுத்து, அவற்றில் இருக்கிற ஒவ்வொரு கோப்பையும் கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டேன். இது கண் கெடுகிற வேலை. ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அதில்தான் அந்தக் கோப்பு அகப்பட்டது. மெஷின் அனுப்புகிற முடிவை வாங்கி, நோயாளியின் நம்பரோடு சேர்க்கிற ஒரு சின்னக் கோப்பு. இரண்டு கம்பெனியும் அதைத் தாங்கள் செய்யவில்லை, வெளியே ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு சிடியிலும் ஒரே பெயர். ஆனால் சென்னைக்காரர்களுடையது புதியது, திருவனந்தபுரத்துக்காரர்களுடையது பழையது. இரண்டும் போய் உட்காருவது சிஸ்டத்தின் ஒரே ஃபோல்டரில். ஒரே பெயரில் இரண்டு கோப்பு ஓரிடத்தில் இருக்க முடியாது. பின்னால் வந்த ஹரியின் பழைய கோப்பு, முன்னால் வந்த புதியதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

சென்னைக்குப் போன் போட்டேன். "எங்க சைடுல எல்லாம் ஓகே சார், நீங்க அந்தக் கம்பெனியக் கேளுங்க" என்றார்கள். ஹரிக்குப் போட்டேன். "எட்வின் சேட்டா, எங்க மெஷின் நல்லாத்தானே ஓடுது? அவங்ககிட்டக் கேளுங்க" என்றார். இரண்டு பேரையும் வரச் சொல்லிச் சண்டை போட்டு வரவழைத்தேன். வந்தார்கள், ஆளுக்கொரு வார நாளில். அவரவர் மெஷினை அவரவர் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பிழை இல்லை. சார் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு கம்பெனியும் சரிங்குது. நீங்க உங்க வேலையப் பாருங்க எட்வின்" என்றார். இதுதான் சார் என் வேலை என்றேன். அவர் ஃபைலைத் திறந்துகொண்டார்.

கோப்பு மாறியிருக்கிறது, அதனால் என்ன கெடுகிறது என்று என்னால் காட்ட முடியவில்லை. ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டிலும் வைத்து ஒன்றாக ஓட்டியும் பார்த்தேன், மெஷின்கள் நல்ல பிள்ளையாக நடந்தன. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

வழி காட்டியது ஸ்டெல்லாதான். தானாகக் காட்டவில்லை. லேபில் நான் குனிந்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள், போனாள், திரும்ப வந்தாள். "என்னட்டி, என்ன செல்லணும்?" என்று கேட்டேன்.

"அண்ணே, ஆவணியில பகவதி பால் ஊத்தக் கோயிலுக்குப் போன அன்னைக்கு நான்தானே நின்னேன். அன்னைக்கு எனக்கும் ஒண்ணு வந்திச்சு. ஒரு கெழவிக்கு ரிசல்ட்டு ஆளப் பாத்தா ஒக்கல்ல. எனக்கு வெப்ராளமாயிட்டு. திரும்பப் போட்டுப் பாத்தேன், சரியா வந்திச்சு. சரின்னு குடுத்து விட்டுட்டேன்."

"இத ஏன் சாருகிட்ட செல்லல்ல?"

"செல்லியிருந்தா டியூட்டில யாருன்னு கேப்பாருல்லா அண்ணே."

அவளை வாயில் வந்தபடி ஏசினேன். உனக்காக நின்ற பிள்ளையை வீதியில் தள்ளும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாயே, நீ பூசைக்குப் போய் யாரிடம் என்ன கேட்கிறாய் என்றேன். அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் அவள் சொன்னதில் என் தலை தெளிந்துவிட்டது. அப்படியானால் ஆளைப் பொறுத்து வருவதில்லை, கிழமையைப் பொறுத்து வருகிறது. கம்ப்யூட்டருக்குக் கிழமை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லேபில் வேறு ஏதோ நடக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் லேபில் போய் உட்கார்ந்தேன். என் மனைவி மதியம்வரை என்னோடு பேசவில்லை. அன்று டியூட்டி ஸ்டெல்லாவுக்கு. வேன்கள் வந்தன. எங்கள் ஊர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், என் சித்தப்பாகூட இருந்தார். "சீக்கிரம் பாரு மக்கா, வீட்டுல சோறு ஆறிப்போவும்" என்று ஜன்னல் வழியே சத்தம். வார நாட்களில் காலையில் சர்க்கரை மெஷினை ஓட்டி முடித்துவிட்டு, டாக்டர்கள் சுற்றி வந்த பிறகுதான் அணு மெஷினை ஓட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்படிக் காத்திருக்க முடியாது. ஸ்டெல்லா ஒருவருடைய குழாயை அணு மெஷினில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். அது முடிவதற்குள் அடுத்தவருடைய குழாயைச் சர்க்கரை மெஷினில் வைத்து அந்தப் பொத்தானையும் அமுக்கினாள். பகவதியும் இப்படித்தான் செய்வாள். எக்ஸ்பியில் இப்படித்தான் எல்லோரும் செய்தார்கள். திரையைப் பார்த்தேன். முதல் ஆளின் முடிவு இரண்டாவது ஆளின் நம்பரில் போய் விழுந்தது. என் கண் முன்னால் விழுந்தது.

அந்தப் பழைய கோப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு நம்பர்தான் நினைவில் நிற்கும். கடைசியாக யாருக்காகப் பொத்தான் அமுக்கினார்களோ அந்த நம்பர். அது ஒரே ஒரு மெஷினோடு வேலை செய்யப் பிறந்த கோப்பு. அது தள்ளிவிட்ட புதியதோ ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக நம்பரை நினைவில் வைக்கும். இரண்டு மெஷினும் ஒன்றாக ஓடினால், முதலில் வைத்தவருடைய முடிவையும் கடைசி நம்பரில்தான் எழுதும். ததேயுவுக்கு முன்னால் நின்றவனின் நல்ல ரத்தம் ததேயுவின் பேரில் விழுந்தது. ததேயுவின் ரத்தம் பின்னால் நின்றவர் பேரில் விழுந்தது. அன்று வந்தவர்களின் முடிவுகளையெல்லாம் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொருவராகத் திரும்பச் சோதிக்க வைத்தேன். சோறு ஆறிப்போன கோபத்தில் ஜனங்கள் என்னை ஏசினார்கள். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சாரை லேபுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வரமாட்டேன் என்றவரை வற்புறுத்தித்தான் கூட்டி வந்தேன். சாரிடமிருந்து ரத்தம் எடுத்தது பகவதி. ஒரே குத்தில் எடுத்துவிட்டாள், சாருக்குத்தான் முகம் சுளித்தது. எனக்கும் எடுத்தாள். எனக்குச் சர்க்கரை உண்டு, சாருக்குக் கிடையாது. என் குழாயைச் சர்க்கரை மெஷினில் வைத்தேன். சாரின் குழாயை அணு மெஷினில் வைத்தேன். "சார், நீங்களே அமுக்குங்க" என்றேன். முதலில் என்னுடையது, பிறகு அவருடையது. இரண்டு பொத்தானையும் அவர்தான் தன் விரலால் அமுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் சாரின் பெயருக்கு நேரே இருநூற்றுத் தொண்ணூறு சர்க்கரை வந்தது. சர்க்கரை மெஷினுக்குள் அவருடைய ரத்தம் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை.

சார் திரையையே பார்த்தார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டைக்குப் போயிற்று. "டியூட்டில யாரு சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று பலர் பிறகு சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு தடவை கேட்பேன்.

சரி செய்வது பெரிய காரியமாக இருக்கவில்லை. எங்கே பிழை என்று காட்டியதும் ஹரி தட்டிக் கழிக்கவில்லை. தன் கம்பெனியில் பேசி, அந்தக் கோப்பைச் சிஸ்டத்தின் பொது ஃபோல்டரில் போடாமல் சொந்த ஃபோல்டரிலேயே வைத்துப் படிக்கிற மாதிரி மாற்றி வாங்கி வந்தார். இரண்டு சாஃப்ட்வேர்களையும் மிச்சம் மீதி இல்லாமல் எடுத்தோம். ஒன்றை ஏற்றினோம், சோதித்தோம். அடுத்ததை ஏற்றினோம், சோதித்தோம். பிறகு இரண்டு மெஷினையும் ஒன்றாக, வேண்டுமென்றே முன்னும் பின்னுமாக, தாறுமாறாக ஓட்டினோம். பிறகு ஹரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தார். வேன் கூட்டத்தைப் பார்த்து, "இதானோ உங்க ஞாயிறு?" என்று வாயைப் பிளந்தார். ஒரு முடிவுகூட மாறி விழவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சார் லேபில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்: "மெஷின்ல கோளாறு இருந்திருக்கு. சரி பண்ணியாச்சு. பகவதி, நீ இனி பழையபடி ஞாயிற்றுக்கிழமை பாரு." அவ்வளவுதான். சான்றிதழில் எதுவும் எழுதப் போவதில்லை என்று பிறகு தனியாக என்னிடம் சொன்னார். ஏதோ எனக்குச் சலுகை செய்கிற மாதிரி. தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை அந்தப் பெண்ணிடம் சொல்வதற்கு அந்த வாய்க்கு என்ன கேடு வந்தது? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பகவதி மெதுவாகச் சொன்னாள்: "எல்லாருக்கும் போட மாதிரி எனக்கும் முறை போடுங்க சார். முறை வந்தா நிப்பேன்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி மூன்று பேருக்கும் முறை வைத்து வந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஸ்டெல்லாவின் முறையில் விழுந்தது. அவள் தயங்கித் தயங்கிப் பகவதியிடம் போய்க் கேட்டாள். நான் அப்போது அங்கே பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பகவதி முகத்தில் கோபம் இல்லை. "நிக்கேன்க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க ஒரு பேப்பர்ல எழுதித் தரணும். டியூட்டி எனக்குள்ளது, பகவதி எனக்குப் பதிலா நிக்கான்னு. கையெழுத்துப் போட்டுத் தாங்க."

ஸ்டெல்லா பேனாவை எடுத்தாள். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் அன்று லேபில் புதுச் சேலையோடு உட்கார்ந்திருந்தது அவள்தான். பூசை முடிந்து கேக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. பகவதி அடுத்த வருடம் குவைத்துக்குப் போனாள். நன்றாக இருக்கிறாள், ஊருக்கு வந்தால் என் வீட்டுக்கும் வருவாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டாள்.

இதையெல்லாம் ஷீபாவிடம் போனில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எதையும் அழிக்காதே, முதலில் நகல் எடு, எது கடைசியாக ஏறியது என்று பார், ஸ்கேனையும் பில்லையும் சேர்த்தே ஓட்டிப் பார் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். பிறகு சொன்னாள்:

"அதெல்லாம் பாத்துகிடுதேன் அண்ணே. நகல் எடுத்து முடிக்கதுக்குள்ள சாரு கூப்பிடுவாரு. டியூட்டில யாருன்னு கேட்டா என்ன செல்ல? இந்தப் பிள்ளைக்கப் பேரச் செல்ல எனக்கு மனசு வரல்ல."

"எனக்கப் பேரச் செல்லு" என்றேன். "எட்வின்தான் டியூட்டில இருந்தாருன்னு செல்லு. வீடு எங்கன்னு கேட்டா வழியும் செல்லு. என்னய வந்து கேக்கட்டு."